ஒரு கோடு கூடினால்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் பித்தளை பேட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பிரிட்டிஷ் ராணுவப் போலீஸ் தொப்பியில் குத்திக்கொள்வது.

"சார், முதல் உலகப் போர்க் காலத்துப் பொருளாம். நல்ல விலை கொடுத்தேன். தாத்தா படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறேன்" என்றார். அவருடைய தாத்தா புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அந்தப் போருக்குப் போனவர்.

நான் பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சான்றிதழில் ஓர் எழுத்து மாறினாலும் மனுவைத் திருப்பி அனுப்பிய கை இது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

மேலே கிரீடம். இலை வளையத்துக்கு நடுவே அரசரின் பெயரெழுத்துகள். 'ஜி' என்றால் ஜார்ஜ். 'ஆர்' என்றால் ரெக்ஸ், லத்தீனில் அரசர். இடையில் ரோமன் எண். அது ஐந்து என்றால் 1910 முதல் 1936 வரை ஆண்டவர். பக்கத்தில் ஒரு கோடு கூடி ஆறு ஆனால், 1936 முதல் 1952 வரை. இதில் அந்தக் கோடு இருந்தது. கீழே பட்டையில் 'ராயல்' என்ற சொல்லும் இருந்தது. அந்தப் பட்டம் ராணுவப் போலீசுக்கு 1946-இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய பேட்ஜாக இது இருக்கவே முடியாது. பிற்காலத்தில் அடித்த நகல் என்றால் இன்னும் இளையது.

சொல்வதா, விடுவதா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். சொல்லிவிட்டேன். நண்பர் முகம் வாடிவிட்டது. "யாருக்குத் தெரியப்போகிறது சார்?" என்றார்.

இன்று தெரியாதுதான். ஆனால் அவருடைய பேரன் நாளை அந்தப் பெட்டியைப் பார்த்து, எள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் போலீசாக இருந்தார் என்று நம்புவான். பிரான்சுக்காகப் போனவரின் வாழ்க்கையே மாறிப்போகும். தப்பான பெயர் எழுதிய பேட்ஜை விட வெற்றுப் பெட்டி மேல் என்பது என் கட்சி.

சேகரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விற்பவர் சொல்லும் கதையைக் கேளுங்கள், ஆனால் எழுத்தையும் கிரீடத்தையும் பார்த்த பிறகு நம்புங்கள். பளபளக்கத் தேய்க்காதீர்கள். தெரிந்ததை மட்டும் சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.

போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போனேன். பேட்ஜ் தனி டப்பாவில், சீட்டோடு இருந்தது. படத்துக்குக் கீழே தாத்தாவின் பழுப்பேறிய 'லிவ்ரே மிலித்தேர்'. பரணிலிருந்து எடுத்தாராம். அதில் தாத்தாவின் கையெழுத்தே இருக்கிறது.