கனடாவில் பிழைக்கும் மல்லிகை பூந்தமல்லியில் பிழைக்காதா?

மகள் கனடாவில் இருக்கிறாள். தாய் பூந்தமல்லியில் இருக்கிறாள்.

"ஆசையாக வளர்த்த குண்டுமல்லிச் செடி குளிரில் பட்டுப் போய்விட்டதம்மா!" என்று மகள் தொலைபேசியில் வருத்தப்படுகிறாள்.

"அந்த ஊர்க் குளிரில் நம் ஊர்ப் பூ எப்படியடி பிழைக்கும்?" என்று தாய் ஆறுதல் சொல்கிறாள்.

பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிய வீடுகள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் நிறைய உண்டு. அங்கெல்லாம் கேட்கக்கூடிய பேச்சுதான் இது.

தாய் சொன்னது சரியா?

சரியல்ல. நம் ஊர்ப் பூ அங்கேயும் பிழைக்கும். பிழைக்க வைப்பதற்கு வழி தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

செடி ஏன் சாகிறது?

செடியின் உடம்பில் பெரும் பங்கு தண்ணீர். டொராண்டோ நகரத்தில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போய்விடும். அப்போது இலையிலும் தண்டிலும் உள்ள தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகிறது. அது உள்ளிருந்தே செடியைக் கிழித்துவிடுகிறது. மல்லிகையும் செம்பருத்தியும் வெயிலில் பிறந்து வளர்ந்த செடிகள். அவற்றுக்கு உறைபனியைத் தாங்கும் சக்தி கிடையாது.

என்ன செய்வது?

முதலாவது, செடியைத் தரையில் நடக்கூடாது. தொட்டியில் வைக்க வேண்டும். தொட்டி என்றால் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம் அல்லவா?

இரவு வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கத் தொடங்கியதும் தொட்டியை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பூச்சியும் கூடவே குடி வந்துவிடும்.

தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நல்லது. குளிர் காலத்தில் அந்த நாட்டுச் சூரியன் தெற்கே தாழ்வாகத்தான் போகும்.

வீட்டைச் சூடாக்கும் கருவியின் அருகில் தொட்டியை வைக்கக்கூடாது. அந்தக் காற்று மிகவும் வறண்ட காற்று.

மண்ணை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட வேண்டும். குளிர் காலத்தில் செடி தூங்குகிறது. தூங்குகிற பிள்ளைக்கு யாராவது சோறு ஊட்டுவார்களா? சில இலைகள் உதிரும். பயப்பட வேண்டாம்.

குளிர் முடியும் தறுவாயில் கிளைகளை வெட்டிவிட வேண்டும். புதுத் துளிரில்தான் மல்லிகை பூக்கும். உறைபனி நின்றதும் வெளியே எடுத்து, சில நாள் நிழலில் பழக்கி, பிறகு வெயிலில் வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஊரிலிருந்து மண்ணோடு செடியைக் கொண்டு போகக்கூடாது. கனடா அரசாங்கம் அதை அனுமதிப்பதில்லை. அங்குள்ள செடிக் கடைகளில் வாங்குவதே முறை.

ராஜா வளர்த்த மல்லி

இது புதிய வித்தை அல்ல. இத்தாலி நாட்டில் டஸ்கனி என்ற பகுதியை 1670 முதல் 1723 வரை மூன்றாம் கோசிமோ என்பவர் ஆண்டார். அவருக்குக் கோவாவிலிருந்து நம் அடுக்குமல்லி போய்ச் சேர்ந்தது. குளிரிலிருந்து அதைக் காப்பாற்ற அவர் தம் தோட்டத்தில் தனி அறையே கட்டினார். இன்றும் மேல்நாட்டுக் கடைகளில் அடுக்குமல்லிக்கு 'கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி' என்று அவர் பட்டத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

பூவின் மேல் அவ்வளவு ஆசை!

நம் வீட்டு முற்றம்

சரி, மகளுக்கு வழி சொல்லியாயிற்று. இப்போது தாயின் வீட்டைப் பார்ப்போம்.

முற்றம் முழுவதும் சிமெண்ட்! சுற்றுச்சுவர் வரை கல் பதித்திருக்கிறார்கள். பூ வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போய் முழம் போட்டு வாங்குகிறார்கள்.

இந்த ஊரின் பெயர் என்ன? பூவிருந்தவல்லி! திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அவர் இங்கே நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு போய்ச் சாத்தினார் என்பது ஐதீகம். அந்த ஊரில் ஒரு மல்லிகைச் செடிக்கு இடமில்லையா?

இங்கே உறைபனி இல்லை. மார்கழி, தை மாதத்து இரவிலும் சுமார் 20 டிகிரி வெப்பம் இருக்கும். ஜன்னல் ஓரம் வேண்டாம். சூடாக்கும் கருவி வேண்டாம். வெயில் விழும் இடத்தில் இரண்டடிச் சதுர மண் போதும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட்டால், பங்குனி, சித்திரையில் செடி பூத்துக் குலுங்கும்.

"தண்ணீருக்கு எங்கே போவது?" என்பார்கள். அரிசி கழுவிய தண்ணீர் தினமும் வீணாகத்தானே போகிறது?

"மண் இருந்தால் குப்பை சேரும்" என்பார்கள். கூட்டினால் போய்விடும். ஆனால் சிமெண்ட் தரை மழைத் தண்ணீரைக் குடிக்குமா? அதைத் தெருவுக்கல்லவா தள்ளுகிறது!

"வாடகை வீடு" என்பார்கள். தொட்டி இருக்கிறதே! வீடு மாறினால் அதுவும் கூட வரும்.

ஆறு மாதக் குளிரோடு போராடி ஒரு செடியைக் காப்பாற்ற மகள் தயாராக இருக்கிறாள். குளிரே இல்லாத ஊரில் நாம் ஒரு குழி தோண்டத் தயங்கலாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமையே கடப்பாரையை எடுங்கள். முற்றத்தில் இரண்டடிச் சிமெண்டைப் பெயர்த்து எடுங்கள். ஒரு மல்லிகைச் செடி நடுங்கள்.

அடுத்த முறை மகள் பேசும்போது, "நம் வீட்டுச் செடியும் துளிர்த்துவிட்டதடி" என்று சொல்லலாம்!