யாளிக்குச் சட்டை தைப்பவர்கள்

கணினியில் படம் வரையும் நம் இளைஞர்களிடையே ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. ஒரு சிங்கத் தலை, அல்லது யானை, அல்லது காளை. அதன் வெளிக்கோட்டுக்குள் சிக்குக் கோலம், தாமரை, சங்கு, கோபுரம். ஓரத்தில் ஒரு ‘ழ’. கீழே ‘மரபும் நவீனமும்’ என்று ஒரு வரி. சட்டையிலும் சுவரொட்டியிலும் கைப்பேசி உறையிலும் இவை பெருகிக்கொண்டே போகின்றன. பார்ப்பவர்கள் ‘அருமை’ என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மறுக்கிறோம். இவற்றில் மரபும் இல்லை, விலங்கும் இல்லை. வெட்டி ஒட்டும் வேலை மட்டுமே இருக்கிறது என்பது நம் கட்சி.

முதலில் கோலம். சிக்குக் கோலத்துக்கு விதி உண்டு. புள்ளிகளை வைத்த பிறகே கோடு. அது புள்ளியைத் தொடாமல் வளைந்து, எந்தப் புள்ளியையும் அநாதையாக விடாமல், தொடங்கிய இடத்துக்கே திரும்பி மூட வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களை முன்வைத்துப் பட இலக்கணம் குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவுக்கு அந்த விதி கறாரானது. வாசலில் பெண்கள் இட்ட மாக்கோலத்தில் கணினி அறிவியல் ஓர் இலக்கணத்தைக் கண்டது.

இன்று அதே கணினியில் நடப்பது என்ன? கோலத்தை ஒரு துணித்துண்டாகப் பாவித்து, சிங்கத்தின் அளவுக்குக் ‘கிளிப்பிங் மாஸ்க்’ கொண்டு கத்தரிக்கிறார்கள். காதோரம் கோடு அறுந்து நிற்கிறது. பிடரியில் பாதிப் புள்ளி தொங்குகிறது. இப்படி அறுந்த கோலத்தை எந்தப் பாட்டியும் தன் வாசலில் விட்டுவைக்க மாட்டாள். அழித்துவிட்டு மறுபடி போடுவாள்.

அடுத்து விலங்கு. கலப்புருவம் நமக்குப் புதிதன்று. யானையைக் கொல்லும் ஆளி சங்கப் பாடல்களிலேயே வருகிறது. சாளுவன்குப்பத்தின் புலிக்குகையைச் சூழ்ந்திருப்பவை யாளித் தலைகளே. நாயக்கர் கால மண்டபங்களில் சிம்ம உடலும் துதிக்கையுமாகப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளி, தூணோடு தூணாகி மேற்கூரையின் பாரத்துக்குக் கீழே நிற்கிறது. அதன் மேலும் மணிமாலைகளும் பிடரிச் சுருள்களும் உண்டு; நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுருள் தசையின் திசையிலேயே ஓடுகிறது. சிற்பி முதலில் உடலை அறிந்தான், பிறகே அணி பூட்டினான்.

ஒடிசாவின் நவகுஞ்சரத்தையும் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் இயற்றிய ஒடிய மகாபாரதத்தில் கிருஷ்ணன் இவ்வுருவில் அர்ச்சுனன் முன் தோன்றுகிறான். சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடை, பாம்பு வால். மூன்று கால்கள் மூன்று விலங்குகளுடையவை. நான்காவது, தாமரை ஏந்திய மனிதக் கை. வில்லை உயர்த்திய அர்ச்சுனன் அந்தக் கையைக் கண்டதும் வந்திருப்பது யார் என்று உணர்ந்து வில்லைத் தாழ்த்துகிறான். தாமரை அங்கே அலங்காரமா? அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. நம் வரைகலைஞர்களின் சிங்கத்திலிருந்து தாமரையை எடுத்துவிட்டுச் சங்கை வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. குறையாது என்பதே நம் குற்றச்சாட்டு.

‘கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா?’ என்பார்கள். தாராளமாக உண்டு. கோலத்தை அறுக்கலாம், அறுத்ததற்குப் படத்துக்குள் ஒரு காரணம் இருக்கட்டும். விதியே தெரியாமல் மீறுவதற்குச் சுதந்திரம் என்று பெயரில்லை. ‘கணினியை வெறுக்கும் பழமைவாதிகள்’ என்றும் சிலர் சொல்லக்கூடும். நேர்மாறு. வெக்டர் கோட்டுக்கும் கோலக் கோட்டுக்கும் உறவு நெருக்கமானது. இரண்டுமே புள்ளிகளை வைத்து வளைவை ஆள்பவை. அந்த உறவைப் பயன்படுத்தாமல் வெறும் கத்தரிக்கோலாகக் கணினியைச் சுருக்கிவிட்டார்களே என்பதுதான் நம் வருத்தம்.

இது வெறும் ரசனைச் சண்டையும் அன்று. இன்று செயற்கை நுண்ணறிவிடம் ‘சிங்கம், கோலம், தாமரை’ என்று தட்டச்சு செய்தால் நொடிகளில் இதே படம் வந்து விழுகிறது. பொருளறியாமல் நிரப்பும் வேலையை, பொருளறியாத இயந்திரம் இன்னும் மலிவாகச் செய்கிறது. இந்த வாய்பாட்டையே நம்பிப் பிழைக்கும் இளைஞனுக்கு நாளை யார் கூலி தருவார்கள்?

வழி நம் வாசலிலேயே இருக்கிறது. மயிலும் அன்னமும் பாம்பும் புள்ளிக் கோலங்களில் தலைமுறைகளாக வருகின்றன. அங்கே யாரும் மயிலை வரைந்து அதற்குள் கோலத்தைத் திணிப்பதில்லை. புள்ளிகளை இணைக்க இணைக்க மயில் எழுகிறது. ஆகவே வரைகலைஞர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே: விலங்கின் வெளிக்கோட்டை அழித்துவிடுங்கள். திரையில் முதலில் புள்ளிகளை வையுங்கள். அவற்றிலிருந்து ஒரு யாளி எழுமானால், அதைப் பாராட்டும் முதல் குரல் நம்முடையதாக இருக்கும்.