கொரில்லா பார்க்க 15 வயசு ஆகணும்... லோன் மட்டும் இப்பவே எதுக்கு?

உகாண்டா, ருவாண்டா காட்டில் கொரில்லா பார்க்கும் ட்ரிப் இப்போ ரீல்ஸில் அடிக்கடி வருது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிச்சு பஸ்ஸில் உக்காந்து பார்த்தா ஆசை வரத்தான் செய்யும். ஆனா வீட்டில் 5 வயசுக் குழந்தை இருக்குன்னா அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு நாட்டிலும் 15 வயசு ஆகாத பிள்ளைகளைக் கொரில்லா கிட்ட விடமாட்டாங்க.

இந்த விதி நியாயமானதுன்னுதான் நான் சொல்லுவேன். நம்ம சளியும் காய்ச்சலும் கொரில்லாவுக்கு ஒட்டும். நமக்கு ரெண்டு நாள் ஜலதோஷம், அதுக்கு உயிரே போகலாம். மலை கொரில்லா உலகத்துலயே ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கு. ஸ்கூல் போற பிள்ளைக்கு எத்தனை தடவை மூக்கு ஒழுகுதுன்னு உங்களுக்கே தெரியும். அமர்நாத் யாத்திரைக்கும் 13 வயசுக்குக் கீழே அனுமதி இல்லை.

"குழந்தையை லாட்ஜில் ஆள் வெச்சுப் பார்த்துக்குறோம், நீங்க போயிட்டு வாங்க"ன்னு சில பேக்கேஜில் சொல்லுவாங்க. அதாவது, அறையில் உக்கார வைக்கிறதுக்காகப் பிள்ளைக்கு ஃப்ளைட் டிக்கெட் எடுக்கணும். எனக்கு இது சுத்தமா உடன்பாடு இல்லை.

கணக்குப் பார்ப்போம். பர்மிட் மட்டும் ஒரு ஆளுக்கு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். டாலரை 90 ரூபாய்னு வெச்சா 72,000 ரூபாய், 1,35,000 ரூபாய். கொரில்லா முன்னாடி நிக்கிறது ஒரே ஒரு மணி நேரம்! இதுக்காக 4 லட்சம் பெர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னு எடுத்தா மாசம் சுமார் 13,670 ரூபாய் EMI, வட்டி மட்டும் 92,000 ரூபாய்க்கு மேல. ஆவடியில் ஃப்ளாட் வாங்கி ஹோம் லோன் கட்டிட்டு இருக்கிறவங்க தலையில் இன்னொரு மூட்டை. அதுவும் குழந்தை பார்க்கவே முடியாத ஒரு ட்ரிப்புக்கு.

அந்த 15 வயசை உங்க இலக்குத் தேதியா எடுத்துக்கோங்க. கோல் பிளானிங்கில் இவ்வளவு தெளிவான தேதி வேற எதுக்கும் கிடைக்காது. இன்னும் 10 வருஷம் கையில் இருக்கு. மாசம் 5,000 ரூபாய் SIP, வருஷத்துக்கு 10% வளர்ச்சி கிடைச்சா சுமார் 10 லட்சம் சேரும். கிடைக்கும்னு உத்தரவாதம் கிடையாது, அதனால கடைசி 2, 3 வருஷத்தில் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா FD பக்கம் மாத்திடுங்க.

ஒரு எச்சரிக்கை. பர்மிட் விலை அப்படியே நிக்காது. ருவாண்டா 2017ல் 750 டாலரை ஒரே அடியா 1,500 ஆக்குச்சு. உகாண்டா 2024ல் 700ஐ 800 ஆக்குச்சு. டாலரும் ஏறிட்டேதான் இருக்கு. அதனால இன்க்ரிமென்ட் வர்றப்போ எல்லாம் SIP தொகையையும் ஏத்துங்க.

"அதுவரைக்கும் பிள்ளை கொரில்லாவே பார்க்க வேணாமா?"ன்னு கேட்டா, மைசூர் ஜூ இருக்கே. 2021ல் ஜெர்மனியிலிருந்து வந்த தாபோ, டெம்பான்னு ரெண்டு கொரில்லா. மலை கொரில்லா இல்லை, சமவெளி வகை. 5 வயசுக் குழந்தை அந்த வித்தியாசத்தைக் கேக்கப் போறதில்லை! ரயிலில் 5 வயசுக்குக் கீழே தனி சீட் கேக்கலைன்னா டிக்கெட்டே வேணாம். 5லிருந்து 12 வயசுக்குள்ள தனி சீட் கேட்டா முழு டிக்கெட். செவ்வாய்க்கிழமை ஜூ லீவு, அதைப் பார்த்து புக் பண்ணுங்க.