பூனையை விரட்டுமுன்

கருவுற்ற பெண் வாழும் இல்லத்தில் பூனை ஆகாது என்பர் பலர். டொக்சோபிளாஸ்மா என்னும் நுண்கிருமி பூனையின் மலத்தோடு வெளியேறுவது உண்மையே. கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றின், அது சிசுவின் கண்ணையும் மூளையையும் தாக்கவுங் கூடும்.

ஆயினும், ஐரோப்பாவின் 6 நகரங்களில் கர்ப்பிணிகளிடையே நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேறு கூறிற்று. தொற்றுக்களில் நூற்றுக்கு 30 முதல் 63 வரை நன்கு வேகாத இறைச்சியால் நேர்ந்தவை. 6 முதல் 17 வரை மண்ணைத் தொட்டதால் நேர்ந்தவை. பூனையோடு பழகுதல் காரணமாகத் தோன்றவில்லை. மலத்திலுள்ள கிருமி தொற்றும் வலிமை பெற 1 முதல் 5 நாட்கள் செல்லுமன்றோ!

ஆகவே, சகோதரிகளே, மலத்தை நாள்தோறும் பிறரைக்கொண்டு அகற்றுவியுங்கள். இறைச்சியை உட்புறமும் நன்கு வேகவையுங்கள். கீரையையும் பழத்தையும் கழுவியே உண்ணுங்கள். தோட்டவேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். காவல் வேண்டுவது அடுக்களைக்கே. பூனை வீட்டிலேயே இருக்கட்டும்.