பழைய அழகும் புதிய சிக்கனமும்

பட்டினப்பாக்கத்துக் கடலோரச் சாலையில் கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உறுமிக்கொண்டு சென்றால், நடப்போர் நின்று பார்க்கின்றனர். அதன் பின்னே நால்வரைச் சுமந்து அரவமின்றி வரும் சிறு காரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பழைமையைப் போற்றுதல் குற்றமன்று. ஆனால், “அக்காலத்து வண்டியே வண்டி, இக்காலத்தவையெல்லாம் வெறும் தகரம்” என்று படித்தவர்களும் பேசிவருகின்றனர். இவ்வழக்கை நியாயமாக விசாரிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயரை ஒரு பக்கம் நிறுத்துவோம். அதன் எஞ்சின் 1,147 கன சென்டிமீட்டர்; திறன் 63 குதிரைசக்தி; ஆசனங்கள் இரண்டே. மறுபக்கம் 2022-இல் நம் நாட்டில் வெளிவந்த ஆல்ட்டோ கே10. எஞ்சின் 998 கன சென்டிமீட்டர்தான். திறனோ ஏறத்தாழ 66 குதிரைசக்தி. ஒரு குடும்பமே அமரலாம். வளைவில் வேகமாகத் திருப்பினால் ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரம் உள்மடங்கி, வண்டி நிலைதவறக்கூடும். இச்சிறு காரிலோ மோதினாலும் உயிர்காக்கக் காற்றுப்பைகள் உண்டு. குறைந்த பொருளில் நிறைந்த பயன் தருவதே சிறந்த யந்திரக் கலையெனின், தீர்ப்புச் சிறு காருக்கே ஆகும்.

ஆயினும் பழைய வண்டியின் தரப்பில் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம், ஹெரால்டு என்னும் குடும்பக் காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கிச் செய்ததே. அந்த ஹெரால்டையே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் சென்னையில் உற்பத்தி செய்தனர். ஒருவயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் உல்லாசப் பிரபு, மற்றவன் குடும்பஸ்தன். இருவருக்கும் பொதுவான குணம் ஒன்று: முன்மூடி முழுவதையும் முன்புறமாகத் தூக்கிவிட்டால் எஞ்சின் அனைத்தும் கண்முன்னே நிற்கும். தெருவோர மெக்கானிக்கும் கைவைத்துப் பழுதுபார்க்கலாம். உடையவனும் அருகிருந்து கற்கலாம்.

இன்றைய காரில் ஒரு விளக்கு எரிந்தால், அதன் பொருளைக் கம்ப்யூட்டர்தான் சொல்லவேண்டும். அக்கம்ப்யூட்டரின் இரகசியம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே போகவேண்டும். மாதத் தவணை கட்டி வாங்கிய ஏழைக் குடும்பஸ்தன் தன் பொருளுக்கே அந்நியனாகின்றான். புதுப்பேட்டையில் பரம்பரையாக வளர்ந்த கைத்திறன் வேலையின்றி நிற்கும். இது சிக்கனமாகாது.

மத்திய சர்க்கார் 2021-இல் செய்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து மூல உருவம் மாறாத கார்கள் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்காகவே வீதிக்கு வரலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. இது தகுந்த ஏற்பாடே. மயிலைத் தேர் நாள்தோறும் ஓடுவதில்லை. அதனால் அதன் பெருமை குன்றிவிடவுமில்லை.

2022-இல் அதே சர்க்கார், பொருளை வாங்கியோரின் பழுதுபார்க்கும் உரிமையை ஆராயக் குழு ஒன்றை அமைத்தனர்; மோட்டார் வாகனங்களும் அதன் ஆய்வில் அடங்கும். ஆராய்ச்சியோடு நின்றுவிடலாகாது. பழுதறியும் முறையும் உதிரிப்பாகமும் எந்த மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கிடைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவேண்டும். பழைய வண்டியின் உறுமல் நமக்கு வேண்டாம்; அதன் திறந்த மூடியே வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது பொதுஜனங்களின் கடமையாகும்.