தண்ணீர் பில்லில் காட்டுக்கு ஒரு பங்கு

காவிரி என்றாலே நமக்கெல்லாம் ஞாபகம் வருவது டி.எம்.சி. கணக்குதான். 2007இல் நடுவர் மன்றம் மொத்தம் 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று பிரித்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு 14.75 கூட்டிக் கொடுத்தது. அதில் 4.75 பெங்களூருக்காக. இங்கே இருக்கும் தமிழர்களுக்கு இவை வெறும் எண்கள் இல்லை. 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், பிழைப்பு பெங்களூரில், ஒரு வங்கியில். ஊரில் வயலுக்குப் பாய்வதும் இங்கே குழாயில் வருவதும் ஒரே ஆற்றுத் தண்ணீர். அதனால் யாருக்கு எவ்வளவு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை (இரண்டு பக்கமும் அடி வாங்க வேண்டாமே!). பி.காம். படித்தவன் புத்தி, செலவைப் பார்ப்பதற்கு முன் வரவைப் பார்க்கும். 740ஐ எப்படிப் பிரிப்பது என்று இத்தனை வருஷமாகப் பேசுகிறோம். அந்த 740 வந்துகொண்டே இருக்க யார் என்ன செலவு செய்கிறார்கள்?

காவிரி பிறக்கும் குடகு மலையின் மேற்குச் சரிவுகளில் இருப்பது மழைக்காடு. அமேசானில் இருக்கிறதே, அதே ஜாதி. தலைக்காவிரி, பிரம்மகிரி, புஷ்பகிரி காடுகள் 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே சோலைமந்தி உண்டு, இருவாச்சி உண்டு. இருவாச்சி பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் போட்டால்தான் பல பெரிய மரங்கள் பரவும். பறவை போனால் கொஞ்சம் கொஞ்சமாக மரமும் போகும்.

அந்தப் பக்கம் பெய்யும் மழை பெங்களூர் மழையைப் போலப் பல மடங்கு. பெரும்பாலும் நாலே மாதத்தில் கொட்டிவிடும். மொட்டை மலையில் கொட்டினால் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். காட்டில் அப்படி இல்லை. மேலடுக்கு இலைகள் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கீழே மக்கிய இலைமெத்தை பஞ்சு மாதிரி உறிஞ்சும். வேர் போன வழியாகத் தண்ணீர் ஆழத்தில் இறங்கி, பிறகு ஓடைகளில் மெதுவாகக் கசியும். மரமும் தண்ணீர் குடிக்கும், மறுக்கவில்லை. ஆற்றின் மொத்த அளவைக் காடு கூட்டிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வருஷச் சம்பளத்தை ஒரே நாளில் கையில் கொடுப்பதற்கும் மாதாமாதம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியம். மழைக்காடு தன் இலைகள் வழியாக ஈரத்தைக் காற்றில் விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் இந்த ஈரத்துக்குக் கணிசமான பங்கு உண்டு, அதுவும் மழை பொய்க்கும் வருஷங்களில் என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். ஆக, காடு ஆற்றை மட்டும் கொடுக்கவில்லை, மேகத்தையும் கொடுக்கிறது.

இப்படிப்பட்ட முதலை நாம் என்ன செய்கிறோம்? குடகில் கோயிலுக்கென்று விட்ட தேவரகாடுகள் 1905இல் சுமார் 15,500 ஏக்கர் இருந்தன. 1985இல் 6,300 ஏக்கர். 2015இல் மைசூர் - கோழிக்கோடு உயர் அழுத்த மின்பாதைக்காக ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. 2018 ஆகஸ்டில் குடகு முழுக்க மலைச்சரிவுகள். மழை அதிகம்தான், ஆனால் சரிவை வெட்டி ரோடும் கட்டடமும் போட்டதும் ஒரு காரணம். 2020இல் தலைக்காவிரியிலேயே மலை சரிந்து, கோயில் அர்ச்சகர் உட்பட ஐந்து பேர் புதைந்து போனார்கள்.

2024 நவம்பரில் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே ஒரு யோசனை சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களில் தண்ணீர் பில்லோடு இரண்டு மூன்று ரூபாய் பசுமை செஸ் வாங்கி, காட்டைக் காக்கத் தனி நிதி வைப்பது. உடனே, 'இன்னொரு வரியா?' என்று கூச்சல்.

நான் இந்த செஸ்ஸை ஆதரிக்கிறேன். காவிரியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் இழுத்து, 500 மீட்டர் உயரம் ஏற்றி நமக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கரண்டுக்குக் காசு கொடுக்கிறோம், குழாய்க்குக் கொடுக்கிறோம். தண்ணீரைச் சேர்த்து வைக்கும் காட்டுக்கு பில்லில் ஒரு வரி கிடையாது. 2024 மார்ச் பஞ்சத்தில் 12,000 லிட்டர் டேங்கருக்கு ஆயிரம் ரூபாய் என்று அரசு உச்சவரம்பு வைத்தது நினைவிருக்கிறதா? மூன்று ரூபாய்க்குப் பெங்களூரில் அரை டீ கூட வராது :-)

கோஸ்டா ரிகா என்ற சின்ன நாடு 1997இலிருந்து, முக்கியமாகப் பெட்ரோல் வரிப் பணத்தில், காட்டை வைத்திருக்கும் நில உடைமையாளர்களுக்குப் பணம் தருகிறது. எண்பதுகளில் மொட்டையாகிக் கொண்டிருந்த அந்த நாட்டில் இன்று பாதிக்கு மேல் காடு.

ஆனால் எனக்கும் நிபந்தனைகள் உண்டு. வங்கிக்காரன் சும்மா கையெழுத்துப் போட மாட்டான்.

ஒன்று, தனிக் கணக்கு. காடு அழித்ததற்கு ஈடாக வசூலித்த பணம் வருஷக்கணக்கில் தூங்கி, 2019 ஆகஸ்டில்தான் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்குப் போனது. அந்தக் கதை மறுபடி வேண்டாம்.

இரண்டு, பணம் குடகுக்காரர் கைக்குப் போக வேண்டும். நாட்டு மரத்தை வெட்ட ஆயிரம் அனுமதி, சில்வர் ஓக்கை வெட்டுவது சுலபம். அதனால் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்கள் போய் சில்வர் ஓக் நிற்கிறது. நாட்டு மரத்தை வைத்திருந்தால் லாபம் என்று ஆகட்டும், யாரும் வெட்ட மாட்டார்கள்.

மூன்று, இதைச் சொன்னால் ஊரில் திட்டுவார்கள். தமிழ்நாடும் பங்கு போட வேண்டும். சேலம், ஈரோடு, திருச்சி குடிப்பது காவிரி. 2004இலிருந்து வீராணம் வழியாகச் சென்னையும் குடிக்கிறது. தண்ணீரில் பங்கு கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றால், அது பிறக்கும் இடத்தைக் காப்பதிலும் பங்கு உண்டு.

உங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் இந்த செஸ் பேச்சு வந்தால், தலையாட்டி எதிர்ப்பதற்கு முன் பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் கொடுத்துவிடுங்கள். காவிரிக்காக இரண்டு மாநிலமும் சேர்ந்து செலவு செய்யும் ஒரு காரியமாவது இருக்கட்டுமே.