பத்து ரூபாய்க் காசுக்கு எத்தனை கோடு?

வேலூர் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். பத்து ரூபாய்க் காசு ஒன்றும் இரண்டு ரூபாய்க் காசு ஒன்றும் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு ரூபாயை எடுத்துக் கல்லாவில் போட்டார். பத்தை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இது போவாது சார்."

"ஏன் போகாது?"

"இங்க யாரும் வாங்க மாட்டாங்க."

அன்று காலை சென்னையில் ஒரு நடத்துநர் மீதிச் சில்லறையாக எனக்குக் கொடுத்த காசு அது. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பயணம் செய்ததில் செல்லாக்காசு ஆகிவிட்டது. இது வேலூரில் மட்டும் நடப்பதல்ல. வட மாவட்டங்களில் பல ஊர்களில், ஆட்சியர்கள் அறிக்கை விட்டுக் களைத்த பிறகும், பத்து ரூபாய் நாணயம் 'செல்லாது' என்ற பேச்சு நிற்கவில்லை. சொல்பவர்களிடம் காரணம் கேட்டால் நாலைந்து வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் சொல்வது, "அதுல கள்ளக்காசு இருக்கு." கண்டுபிடிக்க ஒரு சூத்திரமும் தயாராக இருக்கும். எண்ணுக்கு மேலே பத்துக் கோடு இருந்தால் நல்ல காசு, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு. ரூபாய்க் குறியீடு இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. டீக்கடை மேசையில் என் பையிலிருந்த காசு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பதினைந்து கோடுகள் விசிறிபோல் விரிகின்றன, குறியீடு இல்லை. இன்னொன்றில் பத்துக் கோடுகள், பத்துக்கு மேல் குறியீடு. பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் காசின் கீழே ஆண்டு பொறித்திருக்கிறதே, அதை ஏனோ யாரும் படிப்பதில்லை. முதல் காசில் 2010. ரூபாய்க் குறியீட்டை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான். அது காசுகளில் ஏறியது 2011இல். பிறக்காத குறியீட்டை அதற்கு முந்தைய காசில் தேடிவிட்டு, இல்லை என்பதால் போலி என்கிறோம்.

பத்து ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்தது 2009இல். அதன்பின் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. நாடாளுமன்றத்தின் அறுபது ஆண்டு, கயிறு வாரியம், அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டு, யோகா நாள் என்று நினைவு நாணயங்களும் சேர்ந்துகொண்டன. 2018 ஜனவரி 17ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பில் பதினான்கு வடிவங்கள் என்று கணக்கே சொன்னது. பதினான்கும் செல்லும். அதன்பின் வந்த புது வடிவமும் செல்லும்.

இன்னொன்று கேட்கிறேன். ஒரு ரூபாய்க் காசில் கட்டைவிரலை உயர்த்திய கை வந்தது, இரண்டு ரூபாயில் இரட்டை விரல் வந்தது. அண்ணா நூற்றாண்டுக்கு அவர் முகத்தோடு ஐந்து ரூபாய் வந்தது. ஐந்து ரூபாய் தடியாக இருந்து மெலிந்து, வெள்ளையாக இருந்து மஞ்சளாயிற்று. அப்போதெல்லாம் யாராவது கோடு எண்ணினோமா? கள்ளக்காசு அடித்தவர்கள் டெல்லிப் பக்கம் பிடிபட்டதுண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்நூறு ரூபாயில் கள்ளநோட்டு பிடிபடாத ஆண்டு உண்டா? அதற்காக ஐந்நூறை யாரும் விரலால் தள்ளுவதில்லை.

அடுத்தது, "கவர்ன்மென்டே நிறுத்திடுச்சு." அரசு ஒரு காசை நிறுத்தும் விதம் வேறு. 25 பைசாவையும் அதற்குக் கீழானவற்றையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நிறுத்தியபோது முன்கூட்டி அறிவித்தார்கள், வங்கிகளில் மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். 50 பைசாகூட இன்றுவரை சட்டப்படி செல்லும், பெட்டிக்கடையில் அதற்கு எதுவும் கிடைக்காது என்பது தனிக்கதை. பத்து ரூபாய்க்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்ததே இல்லை. வந்ததெல்லாம் நேர்மாறானவை. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் போயின. பன்னிரண்டாம் நாள், நவம்பர் 20ஆம் தேதியே, 'பத்து ரூபாய் நாணயம் செல்லும், தயங்காமல் வாங்குங்கள்' என்று ரிசர்வ் வங்கி சொல்ல வேண்டி வந்தது. கட்டுக்கட்டாக வைத்திருந்த நோட்டே ஒரே ராத்திரியில் காகிதமானதைப் பார்த்த ஜனம், காசை மட்டும் எப்படி நம்பும் என்பது எனக்குப் புரிகிறது. வதந்திக்கு அந்த நவம்பர் நல்ல எரு.

"பேங்க்லயே வாங்குறதில்ல" என்பார்கள். இதில் பாதி உண்மை. நானே ஒரு வங்கிக் கிளைக்கு நானூறு ரூபாய்க் காசைக் கொண்டுபோய், எண்ண ஆளில்லை என்று திரும்பி வந்திருக்கிறேன். அது அந்தக் கவுன்டரின் சோம்பல். ரிசர்வ் வங்கி எழுதியிருப்பது வேறு. எந்தக் கிளையும் நாணயத்தை மறுக்கக்கூடாது, இவ்வளவுதான் கணக்கில் போடலாம் என்ற உச்சவரம்பு கிடையாது, நூறு நூறாகப் பையில் கட்டிக் கொடுத்தால் எடைபோட்டே வாங்கிக்கொள்ளலாம். பத்து ரூபாய்க் காசு ஒன்று 7.71 கிராம், நூறு காசு 771 கிராம். தராசு இருந்தால் போதும், விரல் தேய எண்ண வேண்டாம்.

கடைக்காரருக்கு வரம்பு உண்டு. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான காசுகளை ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைதான் கொடுத்து வாங்கச் சொல்லலாம். மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. தருமபுரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் 2022இல் லட்சக்கணக்கான ரூபாயைப் பத்து ரூபாய்க் காசாகக் கொடுத்துக் கார் வாங்கினாரே, அது ஷோரூம்காரர்கள் மனமிரங்கி ஒத்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் இன்னொரு கட்சி, காசை மறுத்தால் தேசத்துரோக வழக்கு என்று மிரட்டுகிறது. அதுவும் கோடு எண்ணும் கதைதான்.

"ஜிபே வந்தாச்சு, இனி காசு எதுக்கு?" என்று கேட்பவர், பூக்கார அம்மாவிடம் முழம் வாங்கிவிட்டு மீதிக்காக நின்றதில்லை. காசை வேண்டாம் என்ற அதே கடைகளில்தான் அழுக்கேறி, நடுவே டேப் ஒட்டிய பத்து ரூபாய் நோட்டு மரியாதையாகப் போய்வருகிறது. மீதி ஐந்துக்கு மிட்டாய் தருகிறார்கள்.

இவை எல்லாம் மேல்பூச்சு. உண்மையான காரணத்தை டீக்கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார், இங்கே யாரும் வாங்க மாட்டார்கள் என்று. அவருக்குக் காசின் மேல் சந்தேகமே இல்லை, சந்தேகம் பக்கத்துக் கடைக்காரர் மேல். பால்காரர் வாங்க மாட்டார் என்று இவர் மறுக்கிறார், இவர் மறுப்பார் என்று பால்காரர் மறுக்கிறார். நடுவே ஒரு வதந்தி சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிறது. அரசு அறிக்கைகள் தோற்பது இங்கேதான். அவை 'செல்லும்' என்று சொல்கின்றன. பால்காரர் வாங்கிக்கொள்வார் என்று சொல்ல அவற்றால் முடியாது. முதலில் வாங்குகிறவன் நஷ்டப்படுவான் என்ற பயம் அந்தத் தெருவுக்குள் நியாயமானதும்கூட. ஆனால் அந்த நஷ்டத்தைக் காசு உண்டாக்கவில்லை, மறுப்பு உண்டாக்கியது.

இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கித்தான் அவரிடம் சொன்னேன். கூட்டமில்லாத நேரம், கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பலகைக்கு அடியிலிருந்து ஒரு பூஸ்ட் டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினார். கனமான சத்தம். இந்தப் பேச்சு கிளம்புவதற்கு முன்னால் வாங்கியவை, மனைவி உண்டியலில் போட்டவை, எல்லாம் பத்து ரூபாய்க் காசுகள். திருப்பதி போகும்போது உண்டியலில் போடலாம் என்று வைத்திருக்கிறாராம்.

"ஐந்நூறுக்கு எனக்குக் கொடுங்க" என்று நோட்டை நீட்டினேன். நம்பாமல் பார்த்தார். என் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல், ஐந்து ஐந்தாக அடுக்கி ஐம்பதை வேகமாக எண்ணினார். நடுவே ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"சார், இதுல பதினஞ்சு கோடு இருக்கு. பரவால்லையா?"